சன்ரூஃபா, கிளட்ச் இல்லாத காரா? டாப் எண்ட் வேரியண்டின் உண்மையான விலை



போன மாசம் என் சித்தி பையன் ஒரு ஷோரூம் கொட்டேஷனை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு உடனே போன் பண்ணினான். "அண்ணா, மிடில் வேரியண்ட் ஆட்டோமேட்டிக் 9.60 லட்சம். டாப் எண்ட் மேனுவல் 10.80 லட்சம். வித்தியாசம் 1.20 லட்சம்தான். ஏழு வருஷ லோன்ல போட்டா மாசம் 2,000 ரூபாய்கூட எக்ஸ்ட்ரா வராது. சன்ரூஃப், வென்டிலேட்டட் சீட், 360 டிகிரி கேமரா எல்லாம் இருக்கு. டாப் எண்டே எடுத்துடவா?"

அவன் கையில் வாங்கும் சம்பளம் 72,000 ரூபாய். மேடவாக்கத்தில் வாடகை வீடு, சிறுசேரியில் வேலை. சித்தப்பா ரிட்டயர் ஆகிட்டார், வீட்டில் சம்பாதிக்கிறது இவன் ஒருத்தன்தான். டவுன் பேமெண்டுக்கு 3 லட்சம் எடுத்து வச்சிருந்தான். அது போக கையில் அவசரத்துக்குன்னு இருந்தது வெறும் 80,000.

அவன் கேட்டதில் தப்பு ஒண்ணும் இல்லை. கார்ல வசதி வேணும்னு ஆசைப்படறது ஆடம்பரம்னு நான் சொல்ல மாட்டேன். மாருதி 800 காலத்தில் ஏசி இல்லாமல் ஒரு வேரியண்ட், ஏசியோட ஒரு வேரியண்ட்னு தனித்தனியா வித்தாங்க. அன்னிக்கு ஏசி வேரியண்ட் எடுத்தவரைப் பார்த்து "எதுக்குய்யா வீண் செலவு"ன்னு கேட்டவங்க இருந்தாங்க. இன்னிக்கு சென்னையில் ஏசி இல்லாத காரை யாராவது வாங்குவாங்களா? ஓட்ட ஓட்டத்தான் சில வசதிகளோட அருமை தெரியும். ஆனா எந்த வசதிக்கு என்ன விலை கொடுக்கறோம்னு தெரியாம கையெழுத்துப் போடறதுதான் பிரச்சினை. தம்பி சொன்ன 1.20 லட்சம் என்பது அந்த விலை இல்லை.

10 லட்சம் என்ற கோடு

தமிழ்நாட்டில் காருக்கு ஆயுள் வரி, அதாவது நாம பேச்சில் சொல்ற ரோடு டாக்ஸ், 2023 நவம்பரில் மாறியது. காரோட விலை 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேல 20%. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வருமான வரியில் ஸ்லாப் தாண்டினா, தாண்டின தொகைக்கு மட்டும்தான் கூடுதல் சதவீதம். ரோடு டாக்ஸ் அப்படி இல்லை. 10 லட்சத்தைத் தாண்டினா முழு விலைக்கும் 18%.

தம்பி கணக்கைப் போடுவோம். 9.60 லட்சத்துக்கு 13% என்றால் 1,24,800 ரூபாய். 10.80 லட்சத்துக்கு 18% என்றால் 1,94,400 ரூபாய். வரியில் மட்டும் 69,600 ரூபாய் வித்தியாசம். இந்தக் காசுக்கு காரில் ஒரு பட்டன்கூட கூடுதலா வராது. நாளைக்கு காரை விற்கும்போது இதைத் தனியா யாரும் திருப்பித் தரப்போறதும் இல்லை.

அடுத்தது டிசிஎஸ். கார் மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினா டீலர் 1% டிசிஎஸ் பிடிப்பார். இதுவும் முழு மதிப்பின் மேல், அதாவது 10,800 ரூபாய். இது உங்க பணம்தான், திரும்ப வரும். எப்படின்னு கடைசியில் சொல்றேன். ஆனா இப்போதைக்கு கையை விட்டுப் போகுது.

இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டி பிரீமியம் என்ஜின் சிசி-யை வச்சு வரும். அதனால ரெண்டு வேரியண்டுக்கும் ஒண்ணுதான். ஓன் டேமேஜ் பகுதி காரின் மதிப்பை வச்சு வரும், அதில் தம்பியோட கொட்டேஷனில் 3,500 ரூபாய் கூடுதல்.

எல்லாத்தையும் கூட்டினா: 1,20,000 + 69,600 + 10,800 + 3,500 = 2,03,900. ரவுண்டா 2 லட்சம். 9% வட்டியில் 7 வருஷத்துக்கு இதுக்கு மட்டும் இஎம்ஐ மாசம் 3,218 ரூபாய். 84 மாசம் கட்டி முடிக்கும்போது 2.70 லட்சம் போயிருக்கும்.

"மாசம் 2,000 கூட வராது"ன்னு ஆரம்பிச்ச பேச்சு எங்க வந்து நிக்குது பாருங்க. 3 லட்சம் டவுன் பேமெண்ட் போக, மிடில் வேரியண்டுக்கு 8.30 லட்சம் லோன், இஎம்ஐ சுமார் 13,350. டாப் எண்டுக்கு 10.30 லட்சம் லோன், இஎம்ஐ சுமார் 16,570. சம்பளத்தில் முன்னது 18.5%, பின்னது 23%. இது பெட்ரோல், சர்வீஸ், பார்க்கிங் எதுவும் சேர்க்காமல். என்னைக் கேட்டா கையில் வாங்குற சம்பளத்தில் கார் இஎம்ஐ 15 சதவீதத்துக்குள் இருக்கணும். 18.5 சதவீதமே எனக்கு உறுத்தல்தான்.

பெங்களூருவில் இருக்கிறவங்களுக்கும் 10 லட்சத்தில் இதே மாதிரி ஒரு படி இருக்கு, சதவீதம்தான் வேற. நீங்க எந்த ஊரில் பதிவு பண்ணினாலும் கொட்டேஷனில் எக்ஸ் ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிடாதீங்க, கடைசி வரியில் இருக்கும் ஆன் ரோடு விலையை ஒப்பிடுங்க. இங்கே நான் பேசறது பெட்ரோல் கார் பத்தி. மின்சாரக் காருக்கு வரிக் கணக்கே வேற.

மாசத்துக்கு எத்தனை நாள்?

சரி, வசதிகளுக்கு வருவோம். ஒவ்வொரு வசதிக்கும் நான் தம்பிகிட்ட கேட்ட முதல் கேள்வி: "இதை மாசத்துக்கு எத்தனை நாள் தொடுவ?"

கிளட்ச் மிதிக்காமல் ஓட்டறது மாசத்துக்கு 22 நாள். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியா சிறுசேரி, மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில், முதல் கியரும் ரெண்டாவது கியருமா ஊர்ந்து போகணும். போறதுக்கு ஒரு மணி நேரம், வர்றதுக்கு ஒரு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரமும் இடது கால்தான் வேலை செய்யுது. இந்த ரூட்டில் தினமும் போறவனுக்கு ஆட்டோமேட்டிக் கியர்தான் முதல் வசதி. மத்ததெல்லாம் அப்புறம்.

ஆட்டோமேட்டிக்னு பொதுவா சொல்றோம், ஆனா அதிலும் வகை இருக்கு. விலை குறைஞ்ச வகை ஏஎம்டி. இந்தியாவில் அதை சாதாரண ஹேட்ச்பேக்குக்குக் கொண்டு வந்தது 2014-ல் வந்த மாருதி செலேரியோ. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை அழுத்தற, கியரை மாத்தற வேலையை மட்டும் ஒரு சின்ன இயந்திரம் செய்யும். அதனால மைலேஜ் மேனுவலுக்குப் பக்கத்திலேயே நிக்கும். விலையும் மேனுவலை விட பொதுவா 50,000 ரூபாய் சுற்றித்தான் கூட இருக்கும். கியர் மாறும்போது லேசா ஒரு தலையாட்டல் இருக்கும், நாலு நாளில் பழகிடும். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் வகைகள் இதைவிட வழுக்கிட்டு ஓடும், ஆனா விலை ஒரு லட்சத்தைச் சுற்றியோ அதுக்கு மேலேயோ ஏறும். ஏஎம்டி எடுக்கிறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க: மேம்பாலச் சரிவில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சே வண்டியை நிறுத்தி வைக்கிற பழக்கம் இருந்தா கிளட்ச் தகடு சீக்கிரம் தேஞ்சிடும். கால் மிதிக்கலைன்னாலும் உள்ளே கிளட்ச் இருக்கு.

அந்தச் சரிவுக்குத்தான் ஹில் ஹோல்டு. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்குக் கொண்டு போகும் ரெண்டு மூணு வினாடிக்கு வண்டி பின்னால் உருளாம பிடிச்சுக்கும். ஐடி பார்க் பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் இருந்து மேலே வரும்போது பின்னால் ஒரு வண்டி ஒட்டிட்டு நிக்கும் பாருங்க, அப்போ இதோட அருமை தெரியும். இதுக்குத் தனியா பெரிய சாதனம் எதுவும் தேவையில்லை. வண்டி சறுக்காமல் காப்பாத்தற ஈஎஸ்சி எந்த பிரேக் பம்பை வச்சு வேலை செய்யுதோ, அதே பம்பை வச்சு இதையும் செய்யறாங்க. அதனால ஈஎஸ்சி இருக்கும் வேரியண்டில் பெரும்பாலும் இதுவும் கூடவே வந்துடும்.

அடுத்தது யாரும் விளம்பரத்தில் பெருசா காட்டாத ஒண்ணு: ஓட்டுநர் சீட்டை உயர்த்தி இறக்கும் வசதி. இதை நான் சொந்தக் காசு விட்டுக் கத்துக்கிட்டேன். 2017-ல் என் முதல் காரை பேஸ் வேரியண்டா எடுத்தேன். 45,000 ரூபாய் மிச்சம்னு பெருமை வேற. அடுத்த ஆறு மாசத்தில் ஸ்டீரியோ, கேமரா, சீட் கவர், சென்ட்ரல் லாக்னு வெளியே 38,000 செலவு பண்ணினேன். அது போகட்டும். எங்க வீட்டில் அம்மாவும் அந்தக் காரை ஓட்டுவாங்க, உயரம் அஞ்சடிக்கும் குறைவு. சீட்டை உயர்த்த முடியாது. தலையணை மாதிரி ஒரு குஷன் போட்டு உட்கார்ந்து பார்த்தாங்க, இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். கொஞ்ச நாளில் ஓட்டறதையே விட்டுட்டாங்க. நான் மிச்சம் பண்ணின காசுக்கு அந்த வண்டி வீட்டில் ஒருத்தருக்கு உபயோகமில்லாம போச்சு. சீட் உயரத்தை எந்தக் கடையிலும் போய் வாங்க முடியலை.

பின் சீட் ஏசி வென்ட்டும் இதே கதைதான். தம்பி வீட்டில் பின்னால் உட்காரப் போறது சித்தியும் சித்தப்பாவும். மே மாசம் மதியம் வெயிலில் நின்ன காரில், முன்னால் இருக்கிறவங்களுக்குக் குளிர் வந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பின்னால் வரும். பின்னால் வென்ட் இருந்தா அந்த நேரம் குறையும். ஆனா இதை ஆட்டோமேட்டிக் கிளைமேட் கண்ட்ரோலோட குழப்பிக்காதீங்க. ஒரே மாடலில் மேனுவல் ஏசி வேரியண்டிலும் ஆட்டோ ஏசி வேரியண்டிலும் பொதுவா கம்ப்ரஸர் ஒண்ணுதான். நீங்க 24-ன்னு வச்சா அது தானா விசிறியைக் கூட்டிக் குறைச்சுக்கும், அவ்வளவுதான். குளிர் அதிகமாகாது. நல்ல வசதிதான், ஆனா திருகற குமிழை நீங்களே திருகினாலும் அதே வேலை நடக்கும்.

கண்ணாடி விஷயத்திலும் இதே மாதிரி ஒண்ணு. பின்னால் வர்றவன் ஹை பீம் போட்டுட்டு வந்தா உள் கண்ணாடி தானா மங்கிக்கும் வசதி டாப் எண்டில் வரும். கீழ் வேரியண்டில் கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் தட்டினாலும் வெளிச்சம் குறையும். நிறைய பேருக்கு அந்த நெம்புகோல் எதுக்குன்னே தெரியாது. ஆனா வெளிக் கண்ணாடியை பட்டன் தட்டி மடக்கும் வசதிக்கு நான் சந்தோஷமா காசு கொடுப்பேன். மேடவாக்கம் உள் தெருக்களில் எதிரே ஒரு தண்ணி லாரி வந்தா ஏன்னு புரியும்.

ஹேட்ச்பேக் எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பின் கண்ணாடி வைப்பரும் டிஃபாகரும் இருக்கான்னு பாருங்க. பின்பக்கம் செங்குத்தா வெட்டினது போல இருக்கும் வண்டிகளில், ஓடும்போது காற்று சுழன்று டயர் கிளப்பற சேற்றை எல்லாம் பின் கண்ணாடியில் கொண்டு வந்து அப்பும். செடானில் அந்தத் தொல்லை குறைவு. ஒரு வடகிழக்குப் பருவமழை போதும், வைப்பர் இல்லாத குறை தெரிய.

க்ரூஸ் கண்ட்ரோலைப் பத்தி தம்பி கேட்டான். அவங்க சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம், வருஷத்துக்கு மூணு நாலு தடவை போவான். அந்த நேரத்தில் வலது கால் ஓய்வெடுக்கும், உண்மைதான். ஆனா மாட்டுவண்டியும் ராங் சைடு பைக்கும் வர்ற ரோட்டில் அதை நம்பிக் காலை நீட்டிட்டு உட்கார முடியாது. இதைக் கண்டுபிடிச்சவர் ரால்ஃப் டீட்டர்னு ஒரு அமெரிக்கப் பொறியாளர், சின்ன வயசிலேயே கண்பார்வையை இழந்தவர். அவர் ஒருநாள்கூட காரை ஓட்டியிருக்க முடியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுபவர் வேகத்தைக் கூட்டியும் குறைச்சும் குலுக்கியதில் எரிச்சலாகி இதை யோசிச்சார்னு சொல்வாங்க. 1958-ல் க்ரைஸ்லர் கார்களில் இது வந்தது. மாசத்துக்கு எத்தனை நாள்னு கேட்டா தம்பிக்கு இது ஒரு நாள்கூட இல்லை.

டாப் எண்ட் கொடுக்கும் பிரச்சினை, டாப் எண்டே கொடுக்கும் தீர்வு

வென்டிலேட்டட் சீட்டைப் பார்ப்போம். சீட்டுக்குள் சின்ன விசிறி இருக்கும், மேலே பொடிப்பொடி ஓட்டைகள் வழியா காற்றை நகர்த்தும். முதுகு வியர்க்காது. சென்னைக்கு அருமையான வசதிதான். ஆனா முதுகு ஏன் அவ்வளவு வியர்க்குது? டாப் எண்டில் துணி சீட்டுக்குப் பதிலா செயற்கைத் தோல் போட்டுட்டாங்க. அது சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், காற்றை விடாது. மிடில் வேரியண்டில் இருக்கும் துணி சீட்டில் அந்த அளவுக்குத் தொல்லையே கிடையாது. நாமளும் சில பேர் என்ன பண்றோம், துணி சீட் வண்டியை எடுத்துட்டு டீலர்கிட்டயே 10,000 ரூபாய் கொடுத்து ரெக்ஸின் கவர் மாட்டிட்டு வர்றோம்!

சன்ரூஃப் பத்தி என் கருத்து உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கொடைக்கானல் போகும்போது நல்லா இருக்கும். சென்னையில் வருஷத்தில் பத்து மாசம் திரையை மூடி வச்சுதான் ஓட்டணும். சன்ரூஃபைச் சுத்தி மழைத்தண்ணி வடியறதுக்கு மெல்லிய குழாய்கள் இருக்கும். மரத்தடியில் நிறுத்தற வண்டியா இருந்தா அதில் சருகும் தூசும் அடைச்சுக்கும், அடைச்சா தண்ணி உள்ளே இறங்கும். சர்வீஸ் விடும்போது அதைச் சுத்தம் பண்ணச் சொல்லிக் கேட்கணும். குழந்தைகளை அதில் நிக்க வச்சு ஓட்டறது உயிருக்கே ஆபத்து, தயவு செஞ்சு செய்யாதீங்க. இவ்வளவும் தெரிஞ்சும் சன்ரூஃப் வேணும்னா வாங்குங்க, உங்க காசு. விற்கும்போது விலை ஏறும்ங்கிற காரணத்துக்காக மட்டும் வாங்காதீங்க. பழைய கார் வாங்குறவர் முதலில் பார்க்கிறது வருஷம், கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், எந்த கியர். சன்ரூஃபுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், நீங்க வரியோட சேர்த்துக் கொடுத்ததைக் கொடுக்க மாட்டார்.

பிறகு மாட்ட முடியுமா?

இது என் ரெண்டாவது கேள்வி. ரிவர்ஸ் கேமரா, டச் ஸ்க்ரீன், டயர் காற்றழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ், போன் சார்ஜர், டேஷ்கேம், இதெல்லாம் வெளியே கிடைக்கும். ஆறு மாசம் கழிச்சு, கையில் காசு வரும்போது, வட்டி இல்லாமல் மாட்டிக்கலாம். கியர்பாக்ஸ், சீட் உயரம், பின் ஏசி வென்ட், ஏர்பேக், ஈஎஸ்சி இதெல்லாம் அன்னிக்கு வாங்கினாத்தான் உண்டு. லோனில் வாங்க வேண்டியது ரெண்டாவது வகையை. நாம பெரும்பாலும் தலைகீழா செய்யறோம்.

பின்பக்க பார்க்கிங் சென்சார் 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். அதனால சேல்ஸ்மேன் அதை ஒரு சிறப்பம்சமா சொன்னா சிரிச்சுக்கங்க, பேஸ் வேரியண்டிலேயே இருக்கும். ஆனா சென்சார் பீப் அடிக்கறதை மட்டும் நம்பாதீங்க, தாழ்வான கல்லையும் மெல்லிய கம்பியையும் அது தவறவிடலாம். கேமரா மாட்டறது நல்ல செலவு.

வெளியே மாட்டும்போது ரெண்டு விஷயம். வயரை வெட்டி ஒட்டாமல், கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்க. வெட்டினா பின்னாடி எலக்ட்ரிகல் கோளாறு வந்தால் வாரண்டி கிடைக்காமல் போகலாம். ரெண்டாவது, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லி பாலிசியில் சேர்க்கணும். கம்பெனியில் இருந்து வராத மின்னணு சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பில் 4% கூடுதல் பிரீமியம். 40,000 ரூபாய் சாமானுக்கு வருஷம் 1,600 ரூபாய். சொல்லலைன்னா திருடு போனாலும் அந்தச் சாமானுக்குக் காசு வராது.

உடைஞ்சா யார் காசு?

மூணாவது கேள்வி இதுதான், இதை யாரும் கேட்கறதே இல்லை. வசதி அதிகமாக அதிகமாக, சின்ன இடியும் பெரிய பில்லாகும். முன்னெல்லாம் வெளிக் கண்ணாடி உடைஞ்சா கண்ணாடித் தகடு மட்டும் மாத்துவோம். 360 டிகிரி கேமரா வண்டியில் அதே கண்ணாடிக்குள் மடக்கும் மோட்டாரும் இருக்கு, இண்டிகேட்டரும் இருக்கு, கேமராவும் இருக்கு. அடாஸ் இருக்கும் வண்டிகளில் முன் கண்ணாடி மாத்தினா அதில் இருக்கும் கேமராவை மறுபடி அளவு பார்த்து சரி செய்யணும், அதுக்குத் தனிச் செலவு.

சாதாரண இன்சூரன்ஸில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிச்சுத்தான் கொடுப்பாங்க. ஒரு பம்பர் 24,000 ரூபாய்னு வச்சுக்கங்க. 12,000 உங்க கையிலிருந்து. அது போக 1500 சிசி வரை உள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயமா 1,000 ரூபாய் உங்க பங்கு. கிளெய்ம் பண்ணினா நோ கிளெய்ம் போனஸும் போச்சு. அது முதல் வருஷத்துக்கு அப்புறம் 20 சதவீதத்தில் ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்தில் 50% வரை வளரும் தள்ளுபடி. அதனால வசதி நிறைய உள்ள வேரியண்ட் எடுக்கிறவங்க ஜீரோ டிப்ரிசியேஷன் ஆட் ஆன் இல்லாமல் எடுக்காதீங்க. அதோட வருஷச் செலவையும் வேரியண்ட் விலையோட சேர்த்துப் பாருங்க. காரை போனில் பார்த்துக்கும் கனெக்டட் ஆப் இருந்தா, இலவசக் காலம் எத்தனை வருஷம், அப்புறம் வருஷ சந்தா எவ்வளவுன்னும் ஷோரூமிலேயே கேட்டு எழுதி வாங்குங்க.

சென்னைக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணி தேங்கின ரோட்டில் என்ஜின் நின்னு போனா, திரும்ப ஸ்டார்ட் பட்டனை அழுத்தாதீங்க. சிலிண்டருக்குள் தண்ணி புகுந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணினா என்ஜினே போயிடும். சாதாரண பாலிசியில் அதுக்குக் காசு வராது, என்ஜின் ப்ரொடெக்‌ஷன் ஆட் ஆன் வேணும். சாவியைத் திருகற காலத்தில் ஒரு வினாடியாவது யோசிப்போம். பட்டனில் கை தானா போகுது.

இங்கே ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். ஆறு ஏர்பேக்கையும் ஈஎஸ்சி-யையும் வசதிக் கணக்கில் சேர்க்காதீங்க. "மாசத்துக்கு எத்தனை நாள்"ங்கிற கேள்வி அதுக்குப் பொருந்தாது. அது இல்லாத வேரியண்டை லிஸ்ட்டிலிருந்தே எடுத்துடுங்க. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் மோதல் சோதனை நடக்குது, நீங்க பார்க்கும் மாடலுக்கு எத்தனை ஸ்டார்னு பார்த்துட்டு அப்புறம் வசதிக்கு வாங்க.

தம்பி என்ன பண்ணினான்?

உடனே ஒத்துக்கலை. "அண்ணா, நீங்க கணக்கு சொல்றீங்க, ஆனா ஏழு வருஷம் வச்சிருக்கப் போற வண்டி, ஆசைக்கு ஒண்ணுகூட வேண்டாமா?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி. அதனால ஒரு யோசனை சொன்னேன். ஷோரூம் டெஸ்ட் டிரைவ்ங்கிறது பதினைஞ்சு நிமிஷம், அவங்க தேர்ந்தெடுக்கற காலி ரோட்டில். அதில் சன்ரூஃப் திறக்கறது தெரியும், கிளட்ச் வலி தெரியாது. அதே மாடலின் டாப் எண்ட் மேனுவலை செல்ஃப் டிரைவ் வாடகைக்கு ரெண்டு நாள் எடு, ஒரு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் வர்ற மாதிரி. சில ஆயிரம் செலவாகும். 2.70 லட்சம் முடிவுக்கு முன்னாடி அது பெரிய காசு இல்லை.

வெள்ளி, சனி எடுத்தான். வெள்ளிக்கிழமை ஆபீஸ் போயிட்டு வந்தான். சனிக்கிழமை சித்தப்பா, சித்தியைக் கூட்டிக்கிட்டு மகாபலிபுரம். ராத்திரி போன் பண்ணினான். சன்ரூஃபை மொத்தம் நாலு நிமிஷம் திறந்தானாம், சித்தி வெயில் அடிக்குதுன்னு மூடச் சொல்லிட்டாங்க. 360 டிகிரி கேமரா அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, அது இல்லைங்கறதுதான் வருத்தம். சோழிங்கநல்லூர் சிக்னலில் மட்டும் எத்தனை தடவை கிளட்ச் மிதிச்சேன்னு எண்ண ஆரம்பிச்சு, நடுவில் எண்ணிக்கையை விட்டுட்டான்.

மிடில் வேரியண்ட் ஏஎம்டி-யை புக் பண்ணிட்டான். அதில் ஆறு ஏர்பேக், ஈஎஸ்சி, ஹில் ஹோல்டு, சீட் உயரம், பின் ஏசி வென்ட் எல்லாம் இருக்கு. ரிவர்ஸ் கேமராவை தீபாவளி போனஸில் மாட்டிக்கிறதா சொல்லியிருக்கான். மிச்சமாகும் 3,218 ரூபாயை, அவசர நிதி 80,000-லிருந்து 3 லட்சம் ஆகும் வரை மாசா மாசம் ரெக்கரிங் டெபாசிட்டில் போடச் சொன்னேன். போடறானா இல்லையான்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

கணக்கு எல்லாம் பார்த்த பிறகும் 10 லட்சத்துக்கு மேல் போறவங்களுக்கு, டிசிஎஸ் விஷயம் சொல்றேன்னேன் இல்லையா. டீலர் பில்லில் உங்க பான் எண் சரியா இருக்கான்னு அங்கேயே பாருங்க. அந்த 1% உங்க 26ஏஎஸ்-ல் வந்துடும். ரிட்டர்ன் போடும்போது கட்ட வேண்டிய வரியில் கழிச்சுக்கலாம், அதிகமா இருந்தா ரீஃபண்ட் வரும். 2024 அக்டோபரிலிருந்து இன்னொரு வழியும் இருக்கு: ஆபீஸில் அதுக்கான படிவத்தைக் கொடுத்தா, சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்-லேயே கழிச்சுடுவாங்க, ரிட்டர்ன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கார் டெலிவரி எடுத்த மாசமே ஹெச்ஆர்கிட்ட கேளுங்க, மார்ச் வரைக்கும் தள்ளிப் போட்டா பே ரோல் மூடிடும்.